தகட்டில் இல்லாத எக்ஸ்

அன்புள்ள சார்,

நான்கு வருடம் சேமித்து, இங்கே கலிபோர்னியாவில் 1969 ஷெவர்லே கமாரோ ஒன்று, அதன் பந்தய வகையான இசட்28, வாங்கியிருக்கிறேன். வண்டி எண் 124379எல் என்று ஆரம்பிக்கிறது. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் ஒட்டிய தகட்டில் 04சி என்று இருக்கிறது. ஆனால் எக்ஸ்33, எக்ஸ்77 என்ற குறியீடு எதையும் காணோம். எக்ஸ் இல்லாவிட்டால் அது இசட்28 கிடையாது, நன்றாக ஏமாந்திருக்கிறாய் என்கிறார் நண்பர். எஞ்சின் எண்ணைப் படிக்கலாமென்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறேன். நார்வுட் வண்டிதான் உசத்தி என்கிறார்களே, உண்மையா? எந்த வண்டி எந்த ஆலையில் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

கதிர்

அன்புள்ள கதிர்,

முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே போடுங்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

உங்கள் நண்பர் பாதிப் பாடம் படித்தவர். 'எல்' என்பது லாஸ் ஏஞ்சலஸ், அதாவது வான் நைஸ் ஆலை. 'என்' என்றால் ஒஹையோவில் சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட். அமெரிக்காவில் 1969 கமாரோ இந்த இரண்டு இடத்தில்தான் தயாரானது. தகட்டில் எக்ஸ் அடிக்கும் வழக்கம் நார்வுடுக்கு மட்டும்தான். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் அங்கே இசட்28-ஐக் குறித்தன. வான் நைஸில் அந்தப் பழக்கமே இல்லை. உங்கள் தகட்டில் எக்ஸ் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். 'எல்' வண்டியில் எக்ஸ்33 என்றால், பின்னாளில் யாரோ அடித்து மாட்டிய தகடு அது.

இந்தத் தகட்டு மோகம்தான் எனக்குப் புரியவே இல்லை. அந்தத் தகடு உங்களுக்காக அடித்ததல்ல. வண்டியின் கூட்டை (பாடியை) ஆலையில் கட்டியவனுக்கு எந்த மாடல், என்ன பெயிண்ட், என்ன சீட் துணி என்று தெரிய வேண்டும், அதற்காக அடித்தது. 04சி என்றால் ஏப்ரல் மூன்றாம் வாரம். அது கூட்டின் தேதி. உங்கள் வான் நைஸ் தகட்டில் எஞ்சினைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. அதிலுள்ள பாடி எண்ணுக்கும் வண்டி எண்ணின் கடைசி ஆறு இலக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஒத்துப்போகவில்லை என்று பதறாதீர்கள். வண்டி எண்ணாவது சொல்லுமா என்றால், 124 என்பது வி8 என்கிறது, அதோடு சரி. சாதாரண வி8-க்கும் இசட்28-க்கும் அதே 124தான். 1969-ல் இசட்28 மொத்தம் 20,302 வண்டிகள். போலி செய்பவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

அப்படியானால் எதைப் பார்ப்பது? நீங்கள் தேய்க்கத் துணிந்த அந்த இடத்தைத்தான். எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், பயணி அமரும் பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் விரலகலத் திட்டு. 1969-ல் ஆல்டர்னேட்டர் அந்தப் பக்கம் வந்துவிட்டதால் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றி நகர்த்துங்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, பழைய துணியாலும் மரக்குச்சியாலும் எடுங்கள். கம்பி பிரஷ் கூடாது. டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகளுக்கு அடியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். ஆலையில் அந்தத் திட்டைச் சீவிய கருவியின் தடம் அது. எண்ணை மாற்றி அடிப்பவன் பழையதைச் சீவித்தான் ஆக வேண்டும். சீவினால் கோடுகள் போய்விடும். நீங்கள் உப்புத்தாளால் செய்துகொண்டிருப்பதும் அதே வேலை. உண்மையான எஞ்சினை உங்கள் கையாலேயே போலியாக்கப் பார்த்தீர்கள்.

அங்கே 'வி' என்று தொடங்கி, மாதம், நாள், கடைசியில் 'டிஇசட்' (DZ) என்று இருக்க வேண்டும். வி என்றால் மிச்சிகனிலுள்ள ஃபிளின்ட் எஞ்சின் ஆலை. டிஇசட் என்றால் 1969 இசட்28-ன் 302 கன அங்குல எஞ்சின். பக்கத்தில் 19எல், பிறகு உங்கள் வண்டியின் கடைசி ஆறு இலக்கம். அது அங்கே இல்லையென்றால் அழவேண்டாம், ஆயில் ஃபில்டருக்கு மேலே பாருங்கள். அந்த வருடம் அங்கேயும் அடித்தார்கள். பிளாக் வார்த்த தேதி முதலில், எஞ்சின் கோத்த தேதி அடுத்து, கூட்டின் தேதி அதற்குப் பிறகு. எஞ்சின் மிச்சிகனிலிருந்து கலிபோர்னியாவுக்கு வர வேண்டும். நார்வுட் வண்டியைவிட இடைவெளி கூடுதலாக இருந்தால் சந்தேகப்படாதீர்கள். மே மாத எஞ்சின் என்றால் சந்தேகப்படுங்கள்.

பன்னிரண்டு போல்ட் பின் ஆக்சில், பல பட்டை ஸ்பிரிங், முன் டிஸ்க் பிரேக் இதெல்லாம் கமாரோவின் இன்னொரு வகையான எஸ்எஸ் வண்டியிலும் உண்டு. இருந்தால் நிரூபணமில்லை, இல்லாவிட்டால் சிக்கல். இசட்28-ல் ஆட்டோமேட்டிக் கியரோ ஏசியோ ஆலையிலேயே வைத்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். விற்றவரிடம் வாரன்டிப் புத்தகத்தில் ஒட்டிய சின்ன உலோகத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் குறியீடு அதில் உண்டு. புதிதாகக் கனடாவில் விற்ற வண்டியாக இருந்தால் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கனடாவிடம் பதிவு கிடைக்கும். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்குமென்று தோன்றவில்லை.

நார்வுட் உசத்தியா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதாயில்லை. நார்வுட் 1987-ல் மூடியது, வான் நைஸ் 1992-ல். பட்டியலும் தரமாட்டேன், எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் ஏற்கெனவே அதிகம். ஒன்று மட்டும்: ஃபோர்டு மஸ்டாங்கில் 'எஃப்' டியர்பார்ன், 'டி' (T) மெட்டச்சன், 'ஆர்' சான் ஹோசே. அந்த சான் ஹோசே ஆலை இருந்தது மில்பிடாஸில். நீங்கள் துணி வாங்கப் போயிருக்கக்கூடிய கிரேட் மால்தான் அது.

இன்னொரு வேலை இருக்கிறது. ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலிலும் வண்டி எண்ணின் பகுதி அடித்திருக்கும். டாஷ் மேலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கூலன்ட்டை வடித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் திருகி இழுத்தால் ஹீட்டர் கோரின் குழாய் வளையும். நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள், புது ஹோஸ் அற்பக் காசு. பெட்டியின் ஒரு நட்டு உள்மட்கார்டுக்குப் பின்னால் இருக்கும். அதற்காக மட்கார்டில் ஓட்டை போட்ட புண்ணியவான்கள் உண்டு. நீங்கள் உள்மட்கார்டின் போல்ட்டுகளைத் தளர்த்திக் கையை விடுங்கள். எண் தெரிந்ததும் படம் அனுப்புங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.