நூற்றிரண்டு ஏன் 1002 ஆகிறது?

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிறேன். டிகிரி முடித்திருக்கிறேன். கொழுந்து கிள்ளும் நான்கு அக்காமாருக்குச் சாயங்காலம் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். மூன்று வாரம் அ, ஆ எழுத வைத்தேன். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு அக்கா மனக்கணக்கில் கெட்டி, ஆனால் நூற்றிரண்டு என்றால் 1002 என்று எழுதுகிறார். பஸ் போர்டெல்லாம் மலையாளமாக இருக்கிறதே, அதிலேயே தொடங்கியிருக்க வேண்டுமோ?

பதில்: 1002-லிருந்தே தொடங்குகிறேன். அந்த அக்கா காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்: நூறு, பக்கத்தில் ஒரு இரண்டு. இடமதிப்பு பேச்சில் கிடையாது, தாளில்தான் உண்டு. வாயால் விளக்கினால் புரியாது, கையில் கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, நீளத் துண்டில் 100, அதில் மூன்றில் ஒரு பங்கு துண்டில் 2 எழுதுங்கள். சின்னதைப் பெரியதன் கடைசிச் சைபர் மேல் வைத்தால் 102. மூன்றில் இரண்டு பங்கு துண்டில் 30 எழுதி இடையில் செருகினால் 132. ஒரு வாரம் அவரே வைத்து வைத்துப் பார்க்கட்டும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் கொஞ்சம் படுத்தும். காதில் நூறும் ஆயிரமும் விழ, தாளில் சைபர் ஒன்று குறையும்.

அவருடைய மனக்கணக்கைத் தொடாதீர்கள். 64-உம் 38-உம் எவ்வளவு என்று கேட்டால், 'அறுபதும் முப்பதும் தொண்ணூறு, நாலும் எட்டும் பன்னெண்டு, நூத்தி ரெண்டு' என்பார். பெரியதிலிருந்து சின்னதுக்கு வருகிறார். பள்ளிக்கூடமோ ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. அவர் சொல்லும் வரிசையிலேயே முதலில் தாளில் எழுதுங்கள்: 90, 12, 102. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் விற்கும் சிறுவர்களிடம் செய்து 1985-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. வியாபாரத்தோடு வியாபாரமாகக் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. இத்தனைக்கும் அவர்கள் பள்ளிக்கூடம் பார்த்த பிள்ளைகள்.

எழுத்துக்கு வருவோம். பன்னிரண்டு உயிரெழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவது என்றால் பெரியவர்களுக்குச் சலித்துப் போகும்; நின்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே ஒரு சொல்லை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். 'பால்' எடுங்கள். ப, பா, ல, ல் என்று பிரித்துக் காட்டுங்கள். 'க' ஒன்றைச் சேர்த்தால் கல், கால், பல், பகல் எல்லாம் கிடைத்துவிடும். கொழுந்து அவர்கள் பிழைப்பே ஆனாலும் முதல் பாடத்துக்கு ஆகாது. 'கொ'வில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாயில் முதலில் வருவது க். அந்தக் குழப்பத்தை ஒரு மாதம் தள்ளிப் போடலாம்.

அப்புறம், வாரம் ஒரு நாள் அவர்களைப் பேசச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். 'நேத்து மழ. கொழுந்து கொறவு' என்றால் அப்படியே எழுதுங்கள். இலக்கணப்படி திருத்தக் கை துறுதுறுக்கும், வேண்டாம். சொன்னது தன் வாய்ப்பேச்சு என்பதால்தான் மறுநாள் அவரால் அதை வாசிக்க முடிகிறது. ஒவ்வொரு நாளும் பழைய சொற்களைக் காட்டுவதற்கு முன்னால் நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட நினைவிலிருந்து எடுப்பதுதான் நாள்பட நிற்கிறது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. நோட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறாரா? 40 தாண்டியவருக்கு அது வெள்ளெழுத்தாக, அதாவது கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதாக, இருக்கலாம். 'மண்டையில ஏறமாட்டேங்குது' என்று அவரே சொல்லும்போது உண்மையில் எழுத்தே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். முதலில் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நின்றுபோன இருவரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன வாசிக்க ஆசை என்று கேளுங்கள். மகனுடைய மார்க் ஷீட்டா, எடைச் சீட்டா, அதிலிருந்து பாடம் போடலாம்.

மலையாளம் பிறகு. பேசும் மொழியில் ஒருமுறை வாசிக்கப் பிடிபட்டால் அடுத்த மொழி சீக்கிரம் வரும். மலையாளத்திலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும், இலக்கங்களும் இதே 1, 2, 3தான். அதுவரை குமளி, கட்டப்பனை என்று அவர்கள் ஏறும் பஸ் போர்டுகளைப் போனில் படம் பிடித்து, படமாகவே பழக்கிவிடுங்கள். பஞ்சாயத்து ஆபீசில் சாட்சரதா மிஷன் (கேரள அரசின் எழுத்தறிவு இயக்கம்) பிரேரக், அதாவது அதன் உள்ளூர்ப் பணியாளர், யார் என்றும் விசாரியுங்கள். நான்காம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுத ஆசைப்படுகிறவருக்கு வழி அங்கே இருக்கிறது.