வாசகர் கேள்வி – பதில்: கட்டணமில்லாத போட்டியும் கணக்கில் வராத செலவும்

கேள்வி: நான் கோவையில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன், வயது 38. நான்கு ஆண்டுகளாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டி வருகிறேன், 600 கி.மீ. பிரெவே (குறித்த நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) இரண்டு முறை முடித்திருக்கிறேன். கிர்கிஸ்தானில் நடக்கும் சில்க் ரோடு மவுண்டன் ரேஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. ஆனால் பதிவுக் கட்டணத்தைப் பார்த்ததும் தயக்கமாக இருக்கிறது. அமெரிக்காவின் டூர் டிவைடுக்குக் கட்டணமே கிடையாது, அங்கே போ என்கிறார் நண்பர். கையில் ஐந்து லட்சம் ரூபாய் இருக்கிறது. போதாவிட்டால் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான். டூர் டிவைடுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை; ஜூன் மாதத்தில் குறித்த ஒரு நாளில் கனடாவின் பான்ஃப் நகரில் சைக்கிளோடு வந்து நிற்பவர்கள் புறப்பட்டு, ராக்கி மலைத்தொடரை ஒட்டித் தெற்கே இறங்கி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் மெக்சிகோ எல்லையிலுள்ள ஆன்டெலோப் வெல்ஸ் என்ற இடத்தில் முடிக்கிறார்கள். அவர் சொல்லாமல் விட்டது தூரம். ஏறத்தாழ 4,300 கி.மீ. கொண்ட இந்தப் பாதையை பிரிட்டிஷ் வீரர் மைக் ஹால் 2016-இல் 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் முடித்தார். உங்களையும் என்னையும் போன்றவர்கள் நாளுக்கு 150 கி.மீ. என்று கணக்குப் போட்டாலே 29 நாள் ஆகிவிடும். இவ்வகைப் போட்டிகளில் செலவை முடிவு செய்வது கட்டணம் அல்ல, நாள்களின் எண்ணிக்கைதான். வழியில் ஒரு சாதாரண மோட்டலில் ஓர் இரவுக்கு எண்பது, நூறு டாலர் கேட்பார்கள். பாதி இரவுகளைக் கூடாரத்திலும் பாதியை மோட்டலிலும் கழித்து, பெட்ரோல் பங்க் கடைகளில் கிடைப்பதைத் தின்று நாளுக்கு நாற்பது, ஐம்பது டாலரில் சமாளித்தாலும், விமானச் சீட்டு சேராமலே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும்.

இதற்கு முன்னால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. பாதை கனடாவில் தொடங்கி ரூஸ்வில் எல்லைச் சாவடி வழியாக அமெரிக்காவுக்குள் நுழைவதால் இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். அமெரிக்க விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். கனடாவுக்கு விண்ணப்பத்துக்கு 100, கைரேகைப் பதிவுக்கு 85 என்று மொத்தம் 185 கனடா டாலர். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேர்வதும் உண்டு. முடியும் இடமோ ஊரே இல்லாத எல்லைச் சாவடி; அருகிலுள்ள சிற்றூரான ஹச்சிட்டா சுமார் 70 கி.மீ. வடக்கே இருக்கிறது. அங்கிருந்து விமான நிலையம் உள்ள எல் பாசோவுக்கோ டூசானுக்கோ வந்து சேரக் காருக்குத் தனியே பேசி வைக்க வேண்டும். ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் போட்டிக்கு சைக்கிளை வைக்க விலை உயர்ந்த கெட்டிப் பெட்டி வாங்கிச் செல்வதும் வீண், ஏனென்றால் பெட்டி பான்ஃபிலேயே நின்றுவிடும். போகும்போது ஓர் அட்டைப் பெட்டி, திரும்பும்போது அங்குள்ள சைக்கிள் கடையில் கேட்டு வாங்கும் இன்னோர் அட்டைப் பெட்டி என்பதே நடைமுறை. கரடி நடமாடும் காடுகளில் வைத்துக்கொள்ள வேண்டிய மிளகுத் தெளிப்பானையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

இனி கிர்கிஸ்தானைப் பார்ப்போம். 2018-இல் நெல்சன் ட்ரீஸ் தொடங்கிய இந்தப் போட்டியின் பாதை ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறினாலும் ஏறத்தாழ 1,900 கி.மீ., ஏற்றம் 30,000 மீட்டர் என்ற அளவில் இருக்கும். சுமார் இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். இங்கே கட்டணம் உண்டு, ஆனால் மற்றவை மலிவு. மேய்ச்சல் நிலங்களில் போட்டிருக்கும் யூர்ட் கூடாரங்களில் இரவு உணவும் காலை உணவும் சேர்த்து இருபது, இருபத்தைந்து டாலருக்குத் தங்கலாம். விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் அந்நாட்டில் மருத்துவம் படிப்பதால், பிஷ்கெக் நகரில் தமிழ் பேச ஒருவர் கிடைப்பதும் அரிதல்ல. சீன எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். பாதை அந்தப் பக்கம் போகிறதா, சீட்டை அமைப்பாளர் வாங்கித் தருகிறாரா, நீங்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் டிராக்கர் கருவியின் வாடகை கட்டணத்தில் சேர்ந்ததா என்பதையெல்லாம் பணம் கட்டுமுன் படித்துப் பாருங்கள். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், உங்களைத் தயங்க வைத்த கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதியாகவே நிற்கும்.

உங்கள் ஐந்து லட்சத்தை உண்மையில் கரைக்கக்கூடியது சாமான்தான். கடைக்குப் போகுமுன் வீட்டிலிருப்பதை எல்லாம் தரையில் பரப்பிப் பாருங்கள். மலைப்பாதைக்கு ஏற்ற அகலமான டயர், மிகச் சிறிய கியர், உறைபனியைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், மழைச்சட்டை ஆகிய நான்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆகஸ்டிலும் 4,000 மீட்டரை நெருங்கும் கணவாய்களில் பனி கொட்டும். மற்றவற்றை இரவல் வாங்குங்கள். ஒரு கிலோ எடை குறைந்த புதிய ஃபிரேமுக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் ஒரு வாரம் முன்னதாகப் போய் மலைக் காற்றுக்கு உடலைப் பழக்கிக்கொள்வது மேல் என்பது என் கருத்து. நீலகிரியில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர்தான்.

சிறு பொருள் ஒன்று பெருஞ்செலவைக் காப்பாற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முறை வெளிநாட்டுப் போட்டிக்குப் போனபோது, விமான நிறுவனத்தின் கவுன்டரில் பெட்டி 27 கிலோ காட்டியது, அனுமதி 23. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நாடாவைக் கிழித்துப் பெட்டியைத் திறந்து, சங்கிலியையும் கருவிப் பையையும் வெளியே எடுத்து வேறு பையில் திணித்தேன். அப்படியும் கூடுதல் எடைக்குப் பணம் கட்டித்தான் போனேன். போய் இறங்கி விடுதி வாசலில் பிரித்தால், பின் கியரை மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டு உள்பக்கமாக வளைந்து, கியர் மாற்றும்போதெல்லாம் கம்பிகளில் உரசியது. அந்த ஊர்க் கடைகளில் என் ஃபிரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் இல்லை. கிளம்புமுன் சில நூறு ரூபாய்க்கு வாங்கிக் கைப்பையில் போட்டிருந்த மாற்று ஹேங்கர் இருந்ததால் மறுநாள் புறப்பட முடிந்தது. இல்லையென்றால் மொத்தப் பயணமும் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும்.

இப்போது கடன். வாங்காதீர்கள். இவ்வகைப் போட்டிகளில் பாதியில் கைவிடுவோர் ஒவ்வோர் ஆண்டும் ஏராளம். வயிற்றுப்போக்கு, முழங்கால் வலி, உடைந்த சக்கரம் என்று எதுவும் மூன்றாம் நாளே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கைவிட்ட பின்னும் மலையிலிருந்து நகரத்துக்கு டாக்சி பிடிக்க வேண்டும், விமானத் தேதியை மாற்ற வேண்டும் அல்லது அதுவரை தங்க வேண்டும். ஆகவே செலவுப் பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: என்ன நடந்தாலும் திரும்பி வராத பணம் ஒரு பக்கம், போகாவிட்டால் மிஞ்சும் பணம் மறுபக்கம். பதிவுக் கட்டணமும் விசாக் கட்டணமும் முதல் பக்கத்தில் வரும். விமானச் சீட்டை விசா கைக்கு வந்த பிறகு, தேதி மாற்றக்கூடியதாகப் பார்த்து எடுத்தால் அது ஓரளவு இரண்டாம் பக்கத்துக்கு நகரும். முதல் பக்கத் தொகையை இழந்தாலும் வீட்டுச் செலவு தடுமாறாது என்றால் பதிவு செய்யுங்கள். விடுப்பையும் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். ஈட்டிய விடுப்பு இல்லாமல் சம்பளமில்லா விடுப்பில் போவதானால் ஒரு மாதச் சம்பளம் என்பது சில்க் ரோடுக்கு அல்ல, டூர் டிவைடுக்கு ஆகும் செலவு. என் கணக்கில் உங்கள் ஐந்து லட்சம் கிர்கிஸ்தானுக்குப் போதும், அமெரிக்காவுக்கு இழுபறி.

கேள்வி: மொராக்கோவின் அட்லஸ் மவுண்டன் ரேஸுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். காப்பீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? வீட்டார் நிம்மதிக்காகச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். — வாசகி, மதுரை

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பணம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியையோ, கார்மின் இன்ரீச் போன்ற செய்திக் கருவியையோ இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. இதை அறியாமல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். வெளிநாட்டில் வாங்கித் திரும்பக் கொண்டுவந்தாலும் இதே சிக்கல்தான். போட்டியில் தரப்படும் டிராக்கரை அங்கேயே பெற்று அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் புள்ளி வரைபடத்தில் நகர்வதை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காப்பீட்டில் விலையைப் பார்க்குமுன் விலக்குகளைப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் சைக்கிள் ஓட்டுவது அடங்கியிருந்தாலும், பந்தயம் அல்லது போட்டி என்ற ஒரு சொல் விலக்குப் பட்டியலில் இருந்தால் எலும்பு முறிவுக்குக்கூட ஒரு பைசா வராது. அமைப்பாளர் தன் நிகழ்ச்சியைப் போட்டி என்கிறாரா, பயணம் என்கிறாரா என்பதைவிட, உங்கள் நிறுவனம் அதை எப்படிப் பார்க்கும் என்பதே முக்கியம். போட்டியின் பெயரையும் நாட்டையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் முகவர் ‘ஒன்றும் பிரச்சினையில்லை மேடம்’ என்று சொன்னதை இழப்பீட்டுப் பிரிவு ஏற்காது. எத்தனை மீட்டர் உயரம் வரை பொறுப்பேற்கிறார்கள், தேடி மீட்கும் செலவு சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். சைக்கிளுக்கு இன்னொன்று: புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் ஃபிரேம் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது ‘இது வெளிநாட்டில் வாங்கியதா’ என்ற கேள்விக்குக் காகிதமே பதில் சொல்லும். பெட்டியைக் கவுன்டரில் ஒப்படைக்குமுன் இதைச் செய்ய வேண்டும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

கேள்வி: இவ்வளவு செலவு முடியாது. 2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மலிவா? — வாசகர், திருச்சி

பதில்: அது சாமான்களைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு ஓட்டும் பைக்பேக்கிங் போட்டி அல்ல, 90 மணி நேர வரம்புக்குள் சுமார் 1,200 கி.மீ. ஓட்டும் பிரெவே. ஆனால் செலவைக் கணிக்க அதைவிட எளிதானது இல்லை. தகுதிக்கான 200, 300, 400, 600 கி.மீ. பிரெவேக்களை இங்கேயே முடித்துவிடலாம். வழியில் கட்டுப்பாட்டு நிலையங்களில் உணவும் படுக்கையும் கிடைக்கும். என்று முடியும் என்பது தெரிவதால் திரும்பும் விமானச் சீட்டை முன்கூட்டியே எடுக்கலாம். பத்து நாள் விடுப்பு போதும். 2023-க்கு முன்பதிவு செய்தபோது, முந்தைய ஆண்டில் அதிக தூரப் பிரெவே முடித்தவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது; 2027-க்கான விதிகள் வரும்போது அதைக் கவனியுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோவும், குறைந்தது 30,000 யூரோவுக்கான காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முந்தைய இரு முறையும் புறப்படும் இடமாக இருந்த ராம்பூயே சிற்றூர் என்பதால் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். புறப்படும் இடம் உறுதியானதும், விசாவுக்குக் காத்திராமல், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்து வையுங்கள்.