ஒரே முதலாளி, மூன்று ஷெட்

கேள்வி: "பெரிய ஆலையில்தான் உற்பத்தித்திறன் அதிகம் என்கிறீர்கள். 25 மெஷின் போட்டு, அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் வொர்க் எடுக்கும் எங்களைப் போன்றவர்கள் வளர்த்த ஊர் திருப்பூர். சின்ன யூனிட் என்றால் வேலை தெரியாதவர்கள் என்று அர்த்தமா?" – வாசகர், திருப்பூர்.

பதில்: இல்லை. உங்கள் டெய்லரின் கைவேகம் பெரிய ஆலை டெய்லருக்குக் குறைந்ததல்ல. பீஸ் ரேட்டில் தைப்பவர் பெரும்பாலும் கூடுதல் வேகத்தில்தான் தைப்பார். அவர் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தைத்தான் நான் பேசுகிறேன்.

25 மெஷின், 8 மணி நேரம் என்றால் 12,000 நிமிடம். ஒரு டி-ஷர்ட்டுக்குத் தையல் நேரம் 8 நிமிடம் என்று வையுங்கள். 1,500 பீஸ் இறங்க வேண்டும். 750 இறங்கினால் பாதி நேரம் தொலைந்திருக்கிறது. ஸ்டைல் மாறும் நாளில் நூல் மாற்றி, துணி மடிக்கும் ஃபோல்டர் மாட்டி, ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்களை இடம் மாற்றிப் போட்டு, கை பழகுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 3,000 பீஸ் ஆர்டர் எடுக்கும் யூனிட்டுக்கு இந்த நஷ்டம் வாரம் ஒருமுறை வருகிறது. பெரிய ஆலையில் ஒரே ஸ்டைல் ஒரு மாதம் ஓடும் லைனுக்கு, அதாவது தையல் மெஷின் வரிசைக்கு, மாதம் ஒருமுறைதான்.

இன்னொன்று, கட்டிங் ஓரிடத்திலும் தையல் வேறு ஷெட்டிலும் நடப்பது. வெட்டிய துணிகளில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர் வழியில் உதிர்ந்து பண்டில் (துணிக் கட்டு) கலந்துவிட்டால், முன்பக்கம் ஒரு ரோலிலிருந்தும் கை வேறு ரோலிலிருந்தும் சேர்ந்துவிடும். ஷேடு, அதாவது நிறச்சாயல், மாறும். தைக்கும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியாது. மூன்று நாள் கழித்து ஃபைனல் செக்கிங்கில்தான் தெரியும். அதற்குள் அந்தக் கலரில் துணி தீர்ந்திருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்தால் முதல் பண்டிலிலேயே கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம்.

நீங்கள் சின்னவராக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. 500 பீஸ் ஆர்டரையும் அவசர சாம்பிளையும் உங்களைப் போல் செய்ய ஆலைகளால் முடியாது. பத்து வருடம் நல்ல பெயரோடு தொழில் செய்தவரும் 25 மெஷினைத் தாண்டாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தாண்டினாலும் அதே ஷெட்டைப் பெரிதாக்குவதில்லை. மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று மூன்று ஷெட் போடுகிறார்கள்.

இதற்கு அரசும் பொறுப்பு. 1967-இல் 47 பொருள்களைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கினார்கள். பிறகு பட்டியல் 800-ஐத் தாண்டியது. பின்னலாடையும் அதில் இருந்தது. மெஷின் முதலீடு வரம்பைத் தாண்டினால், உற்பத்தியில் பெரும்பங்கை ஏற்றுமதி செய்வதாகக் கடப்பாடு ஏற்க வேண்டும். பின்னலாடை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது 2005-இல். உலகச் சந்தையில் எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை முடிந்ததும் அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான். ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் ஆலைகளோடு பங்களாதேஷ் அதற்குள் தயாராக நின்றது. அவர்களுக்கு ஐரோப்பாவில் வரிச்சலுகை உண்டு, கூலியும் குறைவு, அதை மறுக்கவில்லை.

தொழிலாளர் சட்டம்தான் தடை என்று எல்லோரும் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. 100 பேர் இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்பது பழைய விதி. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. ஆனால் சாங்-தாய் ஷே, பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2014-இல் இந்தியத் தரவுகளை அலசியபோது, 100 என்ற கோட்டுக்குக் கீழே நிறுவனங்கள் கும்பலாக ஒதுங்கி நிற்பதாகத் தெரியவில்லை. சட்டம் மட்டுமே காரணமானால் 99 பேரோடு நிற்கும் கம்பெனிகள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

உண்மையான தடைகளில் முதலாவது மேற்பார்வை. மும்பையைச் சுற்றியுள்ள நெசவு ஆலைகளில் நிக்கோலஸ் புளூமும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழுதைத் தினமும் பதிவு செய்வது, நூல் இருப்பை வகைவாரியாக அடுக்குவது, மெஷினைக் கெடுவதற்கு முன்பே பராமரிப்பது போன்ற எளிய வழக்கங்களாலேயே முதல் ஆண்டில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஒரு குடும்பம் எத்தனை ஆலை நடத்தும் என்பதை, பொறுப்பேற்க எத்தனை ஆண்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானித்தது என்றும் அவர்கள் கண்டார்கள். வெளியாளை நம்பிச் சாவியைக் கொடுக்காதவரை ஷெட் பெரிதாகாது.

இரண்டாவது பணம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் உங்களுக்குப் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆனாலும் சிறுதொழில் பதிவு எண்ணான உத்யம் நம்பரைப் பில்லில் அச்சிடுங்கள். சரக்கு இறக்கும்போதே டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாமல் பிற்பாடு வழக்கை நிரூபிப்பது கடினம்.

அடுத்த 25 மெஷின் வாங்குவதற்கு முன், 15 நாள் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் மணிக்கு எத்தனை பீஸ் முடிகிறது என்று போர்டில் எழுதுங்கள். மற்ற இடங்களில் 90 ஓடி, கழுத்துப்பட்டியான நெக் ரிப் வைக்கும் ஓவர்லாக்கில் 60 ஓடினால், உங்கள் லைன் 60-தான் தரும். மிச்சமெல்லாம் அந்த மெஷினுக்கு முன்னால் பண்டிலாகக் குவியும். அங்கே இன்னொரு ஓவர்லாக் போட்டால் லைன் 90-க்கு வந்துவிடும். அந்தப் போர்டை எழுதும் வேலையை உறவுக்காரரிடம் கொடுக்காதீர்கள். ஒரு சூப்பர்வைசரிடம் கொடுத்து, தப்பு வந்தால் லைனை நிறுத்தும் உரிமையையும் அவருக்கே கொடுங்கள்.