லுவார் பள்ளத்தாக்கில் மாளிகைகளையும் பார்த்து, கோல்ஃபும் ஆட எந்த மைதானங்களைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் ஜூன் மாதத்தில் எட்டு நாள் பயணமாக மனைவியுடன் பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதிக்குப் போகிறார். கோல்ஃப் ஆடுபவர் அவர் மட்டும்தான், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறன் அதிகம்) 22. மனைவிக்கு மாளிகைகளிலும் தோட்டங்களிலும்தான் நாட்டம். தரவரிசைகளைப் பார்த்து ஆறு மைதானங்களைக் குறித்து வைத்திருக்கிறார். அவற்றில் எவற்றை வைத்துக்கொள்ளலாம், லே போர்ட் மைதானத்தில் ஆட முடியுமா, மட்டைகளை இங்கிருந்தே சுமந்து போக வேண்டுமா என்று கேட்கிறார்.

பாரிஸ் புறநகரில் குடியிருப்பவன் என்ற முறையில் அந்தப் பகுதிக்கு இதுவரை மூன்று முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை நானும் தரவரிசைப் பட்டியலோடுதான் கிளம்பினேன். பெயர் பெற்ற ஒரு மைதானத்தில் ஆடுவதற்காகக் காலையில் ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், கிரீன்கள் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரைகள்) எல்லாவற்றிலும் விரலளவு துளைகள் போட்டு மேலே மணலைத் தூவியிருந்தார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை, பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும், புல்லின் வேர்களுக்குக் காற்று போவதற்காக எல்லா மைதானங்களும் செய்யும் வேலை அது. குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் முன்பதிவின்போது யாரும் அதைச் சொல்லவில்லை, கட்டணத்திலும் ஒரு யூரோ குறையவில்லை. குழியை நோக்கி இரண்டு மீட்டர் தூரத்துக்கு உருட்டி அடித்தால் பந்து தவளையைப் போலத் துள்ளிக்கொண்டு போயிற்று. அன்று பார்க்க நினைத்திருந்த ஷாம்போர் மாளிகைக்குத் திரும்பி வந்தபோது நுழைவாயில் மூடியிருந்தது. என் மனைவி இன்றுவரை அந்த நாளைச் சொல்லிக்காட்டுவார்.

ஆகவே உங்கள் பட்டியலைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். முதலில் தங்கும் ஊர், அடுத்து அந்த ஊரைச் சுற்றியுள்ள மாளிகைகள், அதன் பிறகே அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானம். சுய்லி முதல் ஷலோன் வரை ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அதன் இரு முனைகளிலும் உள்ள மைதானங்களை ஒரே வாரத்துக்குள் அடைக்கப் பார்த்தால் பயணத்தின் பாதி கார் இருக்கையிலேயே கழிந்துவிடும். வரைபடம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஆற்றுக்கு இந்தக் கரையில் தங்கியிருக்கிறீர்கள், மைதானம் நேர் எதிர்க் கரையில் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் பாலம் ப்ளுவாவிலோ, ஷோமோனிலோ, அம்புவாஸிலோதான் இருக்கும் என்பதால், பத்து நிமிடம் என்று நினைத்தது அரை மணி நேரமாகும்.

எட்டு நாளுக்கு இரண்டு தங்குமிடங்கள் போதும், நான்கு ஆட்டங்கள் போதும். முதல் நான்கு இரவுகள் ப்ளுவாவுக்கும் ஷெவெர்னிக்கும் இடையில் எங்காவது தங்குங்கள். மீதி இரவுகளுக்குத் தூர் நகரின் மேற்குப் பக்கம் போய்விடுங்கள். இரண்டுக்கும் இடையே அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர்தான், நெடுஞ்சாலையும் உண்டு. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் தூர் நகரை ஒட்டிய சேன்-பியேர்-தே-கோர் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்தில் வந்து, அங்கே கார் எடுத்துக்கொள்வது தலைநகரின் போக்குவரத்தில் சிக்குவதைவிட எவ்வளவோ மேல்.

கிழக்குப் பகுதியில் நான் தயங்காமல் சொல்வது ஷெவெர்னி மாளிகையின் பெயரைத் தாங்கிய மைதானத்தைத்தான். பதினெட்டு குழிகள், 1980களின் இறுதியில் அமைந்தது, சொலோஞ் என்று அழைக்கப்படும் காட்டுப் பகுதியின் விளிம்பில் ஒரு பெரிய ஏரியை ஒட்டி விரிந்திருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு மாளிகையின் முற்றத்திலேயே டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம், இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆட்டத்தின் பெரும்பகுதியில் ஓக் மரங்களும் தண்ணீரும்தான் கண்ணில் படும், மாளிகை சில நிமிடக் கார் பயணத் தொலைவில் தனியே நிற்கிறது. நிலம் ஏறக்குறைய சமதளம் என்பதால் கால் வலிக்காது. ஆனால் தண்ணீர் உங்கள் பந்தைத் தேடிக்கொண்டே இருக்கும். 22 ஹேண்டிகேப்காரர் பையில் பத்துப் பந்துகளாவது வைத்திருப்பது நல்லது. நான் ஆறு இழந்தேன், அவற்றில் இரண்டு ஒரே குழியில்.

அந்த மைதானத்தை நான் முன்னிறுத்துவதற்கு மாளிகையும் ஒரு காரணம். ஷெவெர்னியின் சுவர்கள் பூரே என்ற ஊரின் கல்லால் கட்டப்பட்டவை. அந்தக் கல் வயதாக ஆக வெளுத்துக்கொண்டே போகும் என்பதால், பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம் போன வருடம் வெள்ளையடித்தது போல நிற்கிறது. அங்கே நூறு வேட்டை நாய்கள் உள்ள பட்டி ஒன்று இருக்கிறது. அவற்றுக்கு இரை போடும் காட்சியைக் காணப் பெரும் கூட்டம் கூடும். காவலர் இறைச்சியையும் தீவனத்தையும் தரையில் நீளமாகப் பரப்பி முடிக்கும்வரை அத்தனை நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு, எச்சில் வடிய, அசையாமல் காத்திருக்கின்றன. அவர் குரல் கொடுத்ததும் ஒரே நொடியில் முதுகுகள் மட்டும் தெரியும் ஒரு கம்பளமாகிவிடுகின்றன. இரை போடும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொண்டு அதற்கேற்ப டீ நேரத்தை அமைத்துக்கொண்டால் இருவருக்கும் மனக்குறை இராது.

லே போர்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிக் பேனாக்களால் பெரும் செல்வம் ஈட்டிய மார்செல் பிக் என்ற பிரபு, போஜான்சி ஊருக்கு அருகே சொலோஞ் காட்டுக்குள் 1980களில் அமைத்த மைதானம் அது. அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் வான் ஹேகி வகுத்த அந்தப் பதினெட்டு குழிகள் ஐரோப்பாவின் மிகக் கடினமானவற்றில் வைத்துப் பேசப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் கில் ஹான்ஸ் வடிவமைத்த இன்னொரு பதினெட்டும் சேர்ந்துகொண்டது. ஆனால் இப்போது அது உறுப்பினர்களுக்கான தனியார் கிளப்பாக நடக்கிறது. உறுப்பினர் யாரையாவது தெரிந்திருந்தால் ஒழிய, அதை மையமாக வைத்து ஒரு விடுமுறையைத் திட்டமிட வேண்டாம் என்பதே என் கருத்து. தெரிந்திருந்தாலும், உங்கள் ஹேண்டிகேப்பிலும் என் ஹேண்டிகேப்பிலும் அது இன்பச் சுற்றுலாவாக இருக்குமா என்பது வேறு கேள்வி. லே போர்ட் இருக்கும் அதே சேன்-லோரான்-நுவான் ஊரில் பிரியரே தெ கனே என்ற மைதானம் உள்ளது. பகட்டு இல்லாதது, விருந்தினர்களை வரவேற்பது. ஷாம்போரைப் பார்க்கும் நாளுக்கு அது பொருத்தம்.

ஷாம்போரைப் பற்றி ஒரு வார்த்தை. 1519இல் முதலாம் ஃபிரான்சுவா மன்னர் தொடங்கிய அந்த மாளிகையைச் சுற்றிலும் 32 கிலோமீட்டர் நீள மதில் உண்டு. அதற்குள் இருக்கும் 5,440 ஹெக்டேர் நிலம், பெரும்பாலும் காடு, பாரிஸ் நகரின் பரப்பில் ஏறக்குறைய பாதி. ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டே சந்திக்காமல் போகும் அந்த இரட்டைச் சுழல் படிக்கட்டுக்கும், புகைபோக்கிகள் ஒரு சிற்றூரைப் போல நெருங்கி நிற்கும் மேல்தளத்துக்கும் மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும். அதை ஆட்டத்துக்குப் பின் எஞ்சும் ஒரு மணி நேரத்தில் அடைக்க நினைப்பதுதான் நான் செய்த பிழை.

இங்கேதான் ஜூன் மாதத்தின் சிறப்பு வருகிறது. மாளிகைகள் பெரும்பாலும் மாலை ஆறு, ஏழு மணிக்குள் மூடிவிடும். சூரியனோ இரவு பத்து மணி நெருங்கும்வரை மறைவதில்லை. ஆகவே காலையில் கோல்ஃப், மாலையில் மாளிகை என்ற வழக்கமான வரிசையை மாற்றி, கதவு திறக்கும்போதே மாளிகைக்குள் நுழைந்து, மூன்றரை, நான்கு மணிக்கு டீயில் நில்லுங்கள். பேருந்துக் கூட்டம் வருவதற்கு முன்பே செனொன்சோ மாளிகையில் ஆற்றின் மேலான நீள் கூடத்தில் நடந்துவிடலாம். மாலைக் கட்டணம் குறைவாக உள்ள மைதானங்களில் பணமும் மிஞ்சும். உறுப்பினர்கள் வீடு திரும்பிவிட்ட ஃபேர்வேயில், அதாவது டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளியில், உங்களுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். கிளப் போட்டிகள் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

மேற்கே வந்ததும் என் முதல் தேர்வு பலான்-மிரே ஊரில் உள்ள தூரேன் மைதானம். பழைய உறுப்பினர் கிளப்; லா தூஷ் என்ற சிறு மாளிகையின் தோட்டத்தில், நன்கு வளர்ந்த மரங்களுக்கிடையே, ஏற்ற இறக்கங்களோடு செல்கிறது. நீளம் அடிப்பவர்களைவிட நேராக அடிப்பவர்களுக்கு இடம் கொடுக்கும் மைதானம் என்பதால் நடுத்தர ஹேண்டிகேப்காரர்களுக்கு ஏற்றது. அங்கிருந்து வில்லாந்த்ரி தோட்டங்களும், ஆந்த்ர் ஆற்றுத் தீவின் மேல் நிற்கும் அசே-லெ-ரிதோ மாளிகையும் கூப்பிடு தொலைவு என்றே சொல்லலாம். வில்லாந்த்ரியில் கத்தரியும் முட்டைக்கோசும் கூட வண்ணக் கட்டங்களாகப் பயிரிடப்பட்டிருக்கும். உங்கள் மனைவி அங்கே அரை நாள் இருப்பார் என்பதால் அன்று அவரை விட்டுவிட்டு ஆடப் போவதில் குற்ற உணர்வு வேண்டாம்.

தூர் நகருக்கு வடக்கே ஆர்த்ரே மைதானம் இருக்கிறது. பழைய மரங்கள், குளங்கள், நட்பான பணியாளர்கள். ஒரு மழை நாளில் ஆடினேன், வேறு சொல்வதற்கு அதிகமில்லை. மாளிகையிலேயே தங்கி, சன்னலைத் திறந்தால் ஃபேர்வே தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தால், வடமேற்கே கூர்செல்-தெ-தூரேனில் உள்ள செத் தூர், அதாவது ஏழு கோபுரங்கள் என்ற பெயருடைய இடத்தைப் பாருங்கள். 1491இல் எட்டாம் சார்ல் மன்னரும், பிரான்சின் மேற்கிலுள்ள பிரிட்டனியின் ஆனும் மணம் செய்துகொண்ட லாங்ஜே மாளிகைக்குப் போகும் நாளோடு அதைச் சேர்த்துவிடலாம். கடைசி நாளை ஆட்டமில்லாமல் விடுங்கள். மழையால் போன ஆட்டம் ஒன்றாவது இருக்கும், அதற்கு அந்த நாள் உதவும். மழையே இல்லாவிட்டால் லியொனார்தோ தா வின்சி 1519இல் உயிர் நீத்த அம்புவாஸின் க்ளோ லூசே வீடு இருக்கவே இருக்கிறது.

இனிச் சில நடைமுறைகள். நம் ஊர் கிளப்புகளில் பழகியவர்களுக்கு முதல் அதிர்ச்சி, பையைச் சுமந்து உதவும் கேடி கிடையாது என்பது. பையைத் ட்ராலியில் வைத்து நீங்களே இழுக்க வேண்டும், பந்தை நீங்களே தேட வேண்டும், கிரீனின் சாய்வை நீங்களே படிக்க வேண்டும். இரண்டாவது, தூரங்கள் கஜத்தில் அல்ல, மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். 150 என்று எழுதியிருந்தால் அது 164 கஜம். இந்தக் கணக்கு மனத்தில் பதியும்வரை என் பந்துகள் ஒவ்வொன்றும் ஒரு மட்டை அளவுக்குக் குறைவாகவே விழுந்தன. ஆண்கள் வழக்கமாக மஞ்சள் டீயிலிருந்து ஆடுவார்கள். அதற்கும் பின்னால் உள்ள வெள்ளை டீயிலிருந்து ஆட உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஹேண்டிகேப் சான்றைக் கைப்பேசியிலாவது வைத்திருங்கள், சில கிளப்புகள் கேட்கும்.

உணவு விஷயத்தில் கவனம் தேவை. கிளப் உணவகமானாலும் ஊர் உணவகமானாலும் பகல் இரண்டு மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும், எவ்வளவு கெஞ்சினாலும் காபிதான் கிடைக்கும். நான் காலையிலேயே ஒரு நீள ரொட்டியும், நடுவில் வைக்கோல் தண்டு செருகிய சேன்த்-மோர் ஆட்டுப்பால் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். ஒன்பதாவது குழிக்குப் பின் மரநிழலில் அதைத் தின்பது எந்த உணவகத்துக்கும் குறைந்ததல்ல. தண்டை உருவிவிட்டுத் தின்ன வேண்டும் என்பதை முதல் முறை பல்லில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

புல் நிலையைப் பற்றியும் மிகையாக எதிர்பார்க்க வேண்டாம். வறட்சி அறிவிக்கப்படும் கோடைகளில் ஃபேர்வேகளுக்கு நீர் பாய்ச்சுவது தடைப்படும், கிரீன்களுக்கு மட்டும் ஓரளவு சலுகை கிடைக்கும். வேதிப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கான கட்டுப்பாடும் 2025 தொடக்கத்திலிருந்து கோல்ஃப் மைதானங்கள்மீது இறுகியிருக்கிறது. ஃபேர்வேயில் குளோவரும் டெய்சிப் பூவும் தென்பட்டால் அது பராமரிப்புக் குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மட்டைகளைச் சுமக்க வேண்டுமா என்றால், நான்கு ஆட்டங்களுக்கு வேண்டாம் என்பேன். வாடகைக்குப் பெரும்பாலும் அரை செட் (மட்டைகளில் பாதி) கிடைக்கும், அது போதும்; சிறிய வாடகைக் காரின் பின்பெட்டியில் இரண்டு பெட்டிகளோடு கோல்ஃப் பையும் நுழையாது. காலணி, கையுறை, பந்துகள் மட்டும் எடுத்துப் போங்கள். நீங்கள் இடக்கையர் என்றால் முன்பதிவின்போதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அதே மின்னஞ்சலில் கிரீன்களில் எப்போது துளை போடப் போகிறார்கள் என்ற கேள்வியையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.