நாய்ச்சத்தி நகர்ந்து போகுமா?

கேள்வி: ஐயா, மழைக்குப் பிறகு எங்கள் வளவில் ரோசாக் கன்றுகளுக்குப் பரவிவிட்ட மரத்தூளுக்கு மேலே மஞ்சளாக, நுரைத்தபடி, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஏதோ கிடந்தது. நாய் சத்தி எடுத்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அது ஒரு சாண் தள்ளி, கன்றின் அடியில் இருக்கிறது! பக்கத்து வளவுக்காரரோடு எங்களுக்கு வேலித் தகராறு இருப்பதால் மாமி இதைச் செய்வினை என்கிறார். மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கட்டாம். எரிக்கவா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: எரிக்காதீர்கள் தங்கச்சி. மாமியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: பக்கத்து வளவுக்காரருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாய்க்கும் இல்லை. ஆனால் இதைப் பார்த்து நாய் ஞாபகம் வந்தது உங்களுக்கு மட்டும் இல்லை. இந்த உயிருக்கு ஆங்கிலத்தில் வழங்குகிற பெயரே 'நாய்ச்சத்திச் சளிப்பூஞ்சை' என்பதுதான். முட்டையைக் கிளறிப் பொரித்தது போல இருக்கிறதென்று முட்டைப் பெயரும் அதற்கு உண்டு, என்றாலும் நாயின் பெயர்தான் நிலைத்துவிட்டது. விஞ்ஞானப் பெயர் ஃபூலிகோ செப்டிகா. ஃபூலிகோ என்றால் லத்தீனில் புகைக்கரி. ஏன் கரி என்பது உங்களுக்கு இன்னும் இரண்டொரு நாளில் தெரியும்: மஞ்சள் வெளுத்து, மேலே பொருக்குக் கட்டி, தொட்டால் உள்ளேயிருந்து கருமண்ணிறத் தூள் பறக்கும். அது அதன் வித்தி.

நகர்ந்தது என்கிறீர்களே, அது உண்மைதான், உங்கள் கண் பொய் சொல்லவில்லை. 1763இல் லினேயஸ் இதைப் பங்கசுகளோடு சேர்த்துத்தான் வைத்தார், இன்று இது பங்கசு இல்லை, அமீபாக்களுக்குச் சொந்தம் என்று ஆகிவிட்டது. வித்தியிலிருந்து வெளிவருகிற நுண்ணிய கலங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அப்புறம் கரு மட்டும் பிரிந்து பிரிந்து பெருக, கலம் பிரியாமலே வளர்ந்துகொண்டு போகும். ஆக, நீங்கள் பார்த்த அந்தக் கோப்பை அளவுச் சளி முழுவதும், ஆயிரக்கணக்கான கருக்கள் உள்ள ஒரே ஒரு கலம்! பள்ளியில் நுணுக்குக்காட்டி வைத்துத்தான் கலத்தைப் பார்த்தோம், இது வெறுங்கண்ணுக்கு முற்றத்தில் வந்து கிடக்கிறது. மரத்தூளிலும் உக்கிய இலையிலும் இருக்கிற பற்றீரியாவையும் பங்கசு வித்திகளையும் தின்றுகொண்டே மெல்ல ஊரும், வித்தி போடுகிற நேரம் வந்தால் வெளிச்சமான, கொஞ்சம் உயரமான இடம் தேடி ஏறும். உங்கள் ரோசாவின் அடிக்கு அது போனது அதற்காகத்தான், கன்றைத் தின்ன அல்ல.

செய்வினைப் பயம் உங்கள் வீட்டில் மட்டும் வந்ததும் இல்லை. யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டில் இதற்குப் பெயர் 'சூனியக்காரி வெண்ணெய்'. சுவீடனிலும் பின்லாந்திலும், அயலவர் மாட்டில் பாலைத் திருடிக் குடிக்க ஏவிவிட்ட மாயப் பிராணி வயிறு தாங்காமல் கக்கியதே இது என்று நம்பினார்கள். பாருங்கள், அங்கேயும் சத்தி, அங்கேயும் அயலவர்மேல் சந்தேகம். 1973இல் அமெரிக்காவின் டலஸ் நகர்ப் பக்கத்தில் வீட்டுத் தோட்டமொன்றில் இது முளைத்தபோது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த உயிரோ என்றுகூடப் பயந்தார்கள். இரவோடிரவாக வருகிற எதுவும் மனிதரை அப்படி நினைக்க வைக்கிறது. ஆனால் மெக்சிகோவின் வெராகுரூஸ் பக்கத்தில் இதைப் பொரித்துச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், 'நிலாவின் மலம்' என்று பெயர் வைத்துக்கொண்டே. நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம்!

சரி, என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள், ஒரு வாரத்துக்குள் தானே காய்ந்து போய்விடும். பார்க்க அருவருப்பாக இருந்தால் ஈரமாக இருக்கும்போதே அடியிலுள்ள மரத்தூளோடு சேர்த்து மண்வெட்டியால் அள்ளி, கோடியில் குப்பைக்கிடங்கில் போடுங்கள். பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தால் இன்னும் நாலு இடத்துக்குப் பரவும். வீட்டில் தொய்வு உள்ளவர்கள் இருந்தால் காய்ந்து தூள் பறக்கிற நேரத்தில் அவர்களைக் கிட்டப் போக விடாதீர்கள், அந்தத் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வேறு ஆபத்து இல்லை.

கேள்வி: மிளகாய் நாற்று மேடையில் இதே மஞ்சள் சளி ஏறி நாலைந்து நாற்றை மூடிவிட்டது. கடையில் பங்கசுநாசினி அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: பங்கசே இல்லாத ஒன்றுக்குப் பங்கசுநாசினி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள் தம்பி. அது நாற்றைத் தின்னாது, நோயும் தராது. மூடிக்கொண்டிருந்தால் வெயில் படாமல் நாற்று வாடும், அவ்வளவுதான். ஒரு குச்சியால் மெல்ல வழித்து எடுத்துவிடுங்கள். அப்புறம் மேடையில் போட்ட மூடாக்கைக் கிளறிக் காற்றுப் பட விட்டு, இரண்டு நாள் தண்ணீரைக் குறையுங்கள். மாரி முடிந்தால் இந்தத் தொல்லையும் குறையும்.

கேள்வி: மூளை இல்லாத இந்த உயிருக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?
– மாணவி, சாவகச்சேரி

பதில்: உண்மைதான் பிள்ளை, ஆனால் அது இதன் சொந்தக்காரன், ஃபைசாரம் என்கிற இன்னொரு மஞ்சள் சளிப்பூஞ்சை. 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை ஒரு புதிர்வழிக்குள் விட்டு இரண்டு முனையிலும் உணவு வைத்தார்கள், அது குறுக்கு வழியை மட்டும் மிச்சம் வைத்து மற்றக் கிளைகளை இழுத்துக்கொண்டது. 2010இல் தோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் சொச்சத்தில் அது அங்குள்ள ரயில் பாதை வலையைப் போன்ற ஒன்றைப் பின்னிவிட்டது.

இத்தனையும் செய்கிற ஒரு உயிரை நாயின் சத்தி என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அம்மம்மா, அப்பாச்சி யாராவது கிணற்றடியில், விறகு மாலில் இதைக் கண்டு ஒரு பெயர் சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள், ஊர்ப்பெயரோடு அடுத்த இதழில் போடுகிறேன்.