ஒரு கிளாஸ் ஒயின் மருந்தாகுமா?

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே? பி.பி. மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குத் தினம் ஒரு கிளாஸ் கொடுக்கச் சொல்லி, வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி பாட்டில் வாங்கி வந்திருக்கிறான். அது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அசலாகவே இருந்தாலும் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள்.

திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் எத்தனாலாக, அதாவது போதை தரும் ஆல்கஹாலாக, மாற்றுகிறது. பிராந்தியில் இருப்பதும் இதே எத்தனால்தான். 13 சதவீத ஒயினை 150 மி.லி. ஊற்றினால் அதில் சுமார் 15 கிராம் எத்தனால் இருக்கும். கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடாக்கும். நம் செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவது அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது. தினமும் குடித்தால் ரத்த அழுத்தமும் ஏறும். ஒரு கையால் மாத்திரை, மறு கையால் ஒயின் என்று கொடுப்பதில் என்ன பயன்?

பிறகு இந்த 'இதயத்துக்கு நல்லது' எங்கிருந்து வந்தது? கொழுப்பு நிறையச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ஒயின்தான் காரணம் என்று 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று சொன்னது. அங்கே சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. 'அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட ஆரோக்கியமானவர்கள்' என்ற ஆய்வுகள் பலவற்றில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களையும் 'குடிக்காதவர்கள்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அப்படிச் சேர்த்தால் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்!

திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால்தான் மருந்து என்பார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் அது சில மில்லிகிராம்தான். சோதனைகளில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அளவோ பல நூறு மில்லிகிராம்! அந்த அளவுக்கு எத்தனை பாட்டில் குடிப்பது? இதைப் பற்றி நிறைய எழுதிய தீபக் தாஸ் என்ற ஆய்வாளர் 145 இடங்களில் தரவுகளைத் திரித்திருந்ததாக, அவர் வேலை பார்த்த கனெக்டிகட் பல்கலைக்கழகமே 2012-ல் அறிவித்தது.

இனி அசல், போலி விஷயம். வீட்டில் முகர்ந்தோ லேபிளைப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. 1985-ல் ஆஸ்திரிய ஒயின்களில் இனிப்பும் அடர்த்தியும் கூட டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது ஆய்வுக்கூடம்தான். மறு வருஷமே இத்தாலியில் மெத்தனால் கலந்த மலிவு ஒயின் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் நாம் பார்த்த அதே விஷம். கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத்தான் முதலில் தாக்கும். மதுவின் ருசியில் அதைப் பிரித்தறிய எந்த நாக்காலும் ஆகாது.

தம்பி பிரியமாகத்தான் வாங்கி வந்திருப்பார், புரிகிறது. ஆனால் அப்பாவுக்குக் கைப்பிடி திராட்சையைப் பழமாகவே கொடுங்கள். சர்க்கரை வியாதியும் இருந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.