அம்மாவின் மறதிக்கு மூலிகை கேப்ஸ்யூலா? முதலில் பி12 பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. சுத்த சைவம். சர்க்கரைக்காகப் பத்து வருடத்துக்கும் மேலாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இதயத்துக்காக ஆஸ்பிரினும், முடி கொட்டுவதற்காக ஒரு மாத்திரையும் உண்டு. சில மாதங்களாக அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். எந்நேரமும் அசதி என்று படுத்துக்கொள்கிறார். தெரிந்தவர் ஒருவர் கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி ஒரு மிஷினில் 'ஸ்கேன்' செய்தார். மூளைக்குச் சத்து போகவில்லை என்று வல்லாரை, அமுக்கரா, ஜின்கோ கலந்த இயற்கை கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார். மாதம் 3,600 ரூபாய். இன்னும் திறக்கவில்லை. கொடுக்கலாமா?

பதில்: டப்பாவைத் திறக்க வேண்டாம், சகோதரி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். சைவம், பல வருட மெட்ஃபார்மின், மறதி, அசதி என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கையும் சேர்த்துப் படிக்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் வைட்டமின் பி12 நினைவுக்கு வர வேண்டும். பல இடங்களில் வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மெட்ஃபார்மின் நல்ல மாத்திரை. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் குடலில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். கல்லீரலில் பழைய சேமிப்பு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது தீர்ந்த பிறகுதான் அசதி, மறதி, சிடுசிடுப்பு எல்லாம் வரும். வயிற்று எரிச்சலுக்காக பான்டபிரசோல் மாதிரி மாத்திரையும் தினமும் போனால் நிலைமை இன்னும் மோசம். அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: பாதம் மதமதவென்று இருக்கிறதா, செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்துவிடுகிறாரா? சர்க்கரையாலும் இப்படி ஆகும், பி12 குறைவாலும் ஆகும். ஆனால் சர்க்கரை இருப்பவருக்கு எது வந்தாலும் பழியை அதன் தலையிலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு வேண்டிய பி12 இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். சைவர்களுக்கு அது பால், தயிரில் இருந்துதான் வர வேண்டும். இரண்டு வேளை காபிக்கு ஊற்றும் பால் அதற்குக் காணாது. முருங்கைக்கீரையிலும் பேரீச்சம்பழத்திலும் பி12 கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பதாகச் சொல்லப்படுவது நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம்.

பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், மூன்று மாத சர்க்கரை அளவு ஆகிய நான்கும் போதும். ஐம்பது அறுபது டெஸ்ட் அடங்கிய பேக்கேஜ் என்று லேபில் ஆசை காட்டுவார்கள். பல பேக்கேஜ்களில் இந்த பி12-ஐத் தவிர மற்றதெல்லாம் இருக்கும்! தனியாகக் கேட்டு வாங்குங்கள். பி12 அளவு 200-க்குக் (pg/mL) கீழே என்றால் குறைவு, சந்தேகமே இல்லை. 200 முதல் 300 வரை இருந்தால் லேப் சீட்டில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கலாம். இத்தனை தொந்தரவு இருக்கும்போது அதை நார்மல் என்று விட்டுவிடக் கூடாது, மருத்துவரிடம் பேசுங்கள்.

இதில் ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முடி மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அட்டையைத் திருப்பி 'பயோட்டின்' என்ற வைட்டமின் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். பயோட்டின் உடம்புக்குக் கெடுதல் செய்வதில்லை, டெஸ்டைக் குழப்பிவிடும். பல லேப்களில் தைராய்டு அளவைப் பார்க்கும் ரசாயன முறையே பயோட்டினை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது அதிகம் மிதந்தால் டிஎஸ்ஹெச் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் டிஎஸ்ஹெச் ஏறும்; அந்த ஏற்றம் மறைந்து, அப்படிப்பட்ட ஒருவருக்கு 'எல்லாம் சரி' என்றுகூட வரலாம். அந்த அசதிக்கு அப்புறம் யாரும் காரணம் தேட மாட்டார்கள். ஆகவே ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே முடி மாத்திரையை நிறுத்துங்கள். ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்க மாட்டார். அதே மாதிரி, பி12 கலந்த சத்து மாத்திரை எதையும் டெஸ்டுக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள். ரத்தத்தில் அளவு ஏறிவிடும், குறை இருந்ததே தெரியாமல் போகும்.

இப்போது அந்த 'ஸ்கேன்'. உள்ளங்கையில் கம்பியைப் பிடித்து மூளைக்குச் சத்து போகிறதா என்று அளக்கும் கருவி எந்த மருத்துவமனையிலும் கிடையாது, ஏனென்றால் அப்படி அளக்கவே முடியாது. வயது, உயரம், எடையைக் கேட்டு லேப்டாப்பில் தட்டுகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பக்கம் பக்கமாக அறிக்கை வருகிறது. அதில் சொல்லப்படும் குறைகளுக்கெல்லாம் மருந்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் பையிலேயே இருக்கிறது. கல்யாண மண்டபத்திலும் அபார்ட்மென்ட் வாசலிலும் பகிரங்கமாக இது நடக்கிறது, தடுப்பார் இல்லை. 'எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகாரம்' என்று டப்பாவைக் காட்டுவார்கள். அதில் இருக்கும் 14 இலக்க எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் உணவுப் பொருள் தயாரிக்க வாங்கிய உரிமம். மறதி தீரும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அவர்களே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

உள்ளே இருக்கும் மூலிகைகளில் உங்கள் அம்மாவுக்கு நான் வேண்டவே வேண்டாம் என்பது ஜின்கோ. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குப் பல வருடம் கொடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள்: மறதி நோயை அது தடுக்கவில்லை. அமுக்கரா தைராய்டு அளவை ஏற்றலாம், சர்க்கரையை இறக்கலாம், சிலருக்குக் கல்லீரலையே பாதித்திருக்கிறது. வல்லாரையைக் கீரையாக வாங்கித் துவையல் அரைத்துக் கொடுங்கள், தாராளமாகச் சாப்பிடட்டும். ஞாபகத்துக்கு என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பி12 குறைவு என்று வந்தால் ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் சொல்வார். மாத்திரை என்றால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள், அந்த 3,600 ரூபாயில் சிறு பகுதிகூட ஆகாது. அசதி சில வாரங்களில் குறையத் தொடங்கும். மறதிக்கும் மதமதப்புக்கும் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். எல்லா அளவும் சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால், அல்லது பழகிய தெருவிலேயே வழி தடுமாறினால், நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று ஒரே நாளில் குழம்பிப் பேசினால் வீட்டில் உடனே சர்க்கரையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சரியாக இருந்தாலும் தாமதிக்காமல் கிளம்புங்கள், பக்கவாதமாகவும் இருக்கலாம்.

டப்பாவைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். தெரிந்தவர் ஆயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம், 'டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்' என்று என் மேல் பழியைப் போடுங்கள். பில் கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.